எங்கட ஊர் ஒரு லேன்

போன மாதம் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், என் அப்பாவின் வயது இருக்கும். சோற்றைக் குழைத்தபடியே, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். கொழும்பில், வெள்ளவத்தை என்றேன். "அது இருக்கிற இடம். ஊர் எது?" பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான் என்றேன். "சரி சரி, அப்பாவின்ர ஊரைச் சொல்லும்." யாழ்ப்பாணத்தில் கொக்குவில் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொக்குவிலில் எவடம், ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இன்னாருடைய வீட்டைத் தெரியுமா என்று பாயாசம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் எனக்கு மறுமொழி தெரியவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அன்பாகத்தான் கேட்டார். ஆனால் கொழும்பில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கேள்வியை எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஊர் என்றால் கிணறும் பனையும் கோயில் வீதியும் இருக்கவேண்டும். கொழும்பு உத்தியோகத்துக்கும் விசாவுக்கும் வந்து தங்குகிற இடம், அது எப்படி ஒருவருக்கு ஊராகும் என்று பெரியவர்களுக்கு ஓர் எண்ணம். அன்றிரவு வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. எனக்கும் ஓர் ஊர் இருந்தது. ஒரு லேன் நீளம்தான், இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நடக்க ஐந்து நிமிஷம் போதும். அதைப் பற்றி எழுதாமல் இனித் தூக்கம் வராது.

வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். காலி வீதி நடுவில் ஓட, கடல் பக்கம் வரிசையாக லேன்கள் இறங்கும். அதில் ஒன்று எங்களுடையது (எத்தனையாவது லேன் என்று எழுதவில்லை, இன்னும் அங்கே எங்கட ஆட்கள் இருக்கிறார்கள்). மேல் முனையில் 100, 101 பஸ்களின் இரைச்சல். அங்கிருந்து நூறு அடி இறங்கினால் இரைச்சல் குறைந்து, யாரோ வீட்டில் தாளிக்கிற வாசம் வரும், இன்னும் இறங்கினால் கடற்காற்று. மரைன் டிரைவ் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. லேன் போய் ஒரு குட்டை மதிலில் முடியும், மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல் பாறைகள், பிறகு கடல். மதிலில் ஏறி இருந்தால் கோச்சி போகும்போது முதலில் மதில் அதிரும், பிறகுதான் சத்தம் கேட்கும். நாங்கள் கோச்சியைத் தொடையால்தான் முதலில் அறிந்துகொள்வோம்.

நாங்கள் இருந்தது ஓர் அனெக்ஸில். கொழும்பில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை: பெரிய வீட்டின் ஓரத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டு அறை, ஒரு குசினி, தனி வாசல். பெரிய வீட்டில் சொந்தக்காரி, ஒரு சிங்கள அம்மா. அவரை நாங்கள் ஆச்சி என்று கூப்பிட்டோம். சிங்களத்திலும் பாட்டியை ஆச்சி என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் ஆச்சி என்போம். அதனால் அந்தச் சொல்லை நாங்கள் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியே வரவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளும் ஆச்சி என்றார்கள், நானும் தம்பியும் ஆச்சி என்றோம், நாளடைவில் எதிர்வீட்டு முஸ்லிம் மாமியின் பிள்ளைகளும், லேன் முழுவதும். மூலை வீட்டில் ஒரு பறங்கிப் பெண்மணி இருந்தார், பின்னேரங்களில் பியானோ வாசிப்பார். அவர் மட்டும்தான் ஆச்சியைப் பெயர் சொல்லி அழைப்பார்.

பின்னேரம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாண்காரரின் சைக்கிள். இப்போது ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு சூன் பாண் வருகிறது, அதுவும் நல்லதுதான். அந்த நாளில் சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி, மேலே தகரம் அடித்தது. நாலு மணிக்கு லேன் தலைப்பில் மணிச்சத்தம் கேட்டால் பள்ளிக்கூட உடுப்பு மாற்றாமலே ஓடுவோம். அவர் சைக்கிளை நிறுத்தி, காலால் ஸ்டாண்டைத் தட்டி, பெட்டியின் மூடியை உடனே திறக்கமாட்டார். எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு திறப்பார். சூடும் ஈஸ்ட்டும் சீனியும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். மேல் தட்டில் கிம்புலா பணிஸ், அதாவது முதலை பணிஸ்: நீளமாக உருட்டி இரண்டு முனையும் கூராக்கி, மேலே பெரிய பெரிய சீனிக் கல் தூவியிருக்கும். கீழ்த்தட்டில் மாலுப் பாண், அடியில் றாத்தல் பாண். நான் சீனிக்கல் கூடுதலாக உள்ள முதலையைத் தேடிக் கண்ணால் துழாவுவேன், அவர் என் கண் போகிற இடத்தைப் பார்த்து அதையே எடுத்துத் தருவார். வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. கடனுக்கும் தருவார். மாதக் கடைசியில் அம்மா கொடுப்பார். அவருடைய கொப்பியில் எங்கள் வீட்டுப் பெயர் 'யாழ்ப்பாண நோனா' என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த அன்று எனக்கு எவ்வளவு பெருமை!

எனக்குச் சிங்கள எழுத்து வந்ததே கடலைச் சுருளால்தான். அப்பாவுக்குக் கொழும்புக் கோட்டையில் வேலை. பின்னேரக் கோச்சியில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்து வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவார், சட்டைப் பையில் கடலைச் சுருள் இருக்கும். கடலைக்காரர்கள் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளையும் பரீட்சைத் தாள்களையும் கிழித்துத்தான் சுருள் செய்வார்கள். கடலை முடிந்ததும் நாங்கள் சுருளைப் பிரித்து மேசையில் தேய்த்து மட்டமாக்குவோம். எங்கோ ஒரு பிள்ளையின் கணக்குத் தாள், சிவப்புப் பேனையால் பெரிய பிழை, மூலையில் 34. இன்னொரு நாள் யாரோ எழுதிய கட்டுரை, பசுவைப் பற்றி. எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்துகள் கண்ணாடிபோல் தெரியும். அதைக் கொண்டுபோய் ஆச்சியிடம் கொடுத்தால் அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் தருவார். அந்தப் பசுக் கட்டுரை முழுவதையும் நான் பாடமாக்கினேன். 34 எடுத்த பிள்ளையை நினைத்து நானும் தம்பியும் கவலைப்பட்டதும் உண்டு. அடுத்த தவணையில் கூட எடுத்திருக்கும் என்று அம்மா சமாதானம் சொன்னார்.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு தமிழ்ச் சங்கத்து நூலகம். 1942இல் தொடங்கிய சங்கம், 57ஆவது லேனில். அப்பா பேப்பர் மேசையில் இருந்துவிட்டால் இரண்டு மணித்தியாலம் அசையமாட்டார். ஞாயிறு காலை இராமகிருஷ்ண மிஷனில் சமய வகுப்பு, தேவாரம் பாடமில்லாவிட்டால் நிற்க வேண்டும். வெசாக் வந்தால் ஆச்சி வீட்டு விறாந்தையில் மூங்கில் சீவி, மெல்லிய கடதாசி ஒட்டி, விளக்குக் கூடு கட்டுவோம், தைப்பொங்கலுக்கு எங்கள் பானையைச் சுற்றி ஆச்சியின் பேரப்பிள்ளைகள் நிற்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மாமி அனுப்பும் வட்டிலப்பத்துக்காகத் தம்பி காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் காத்திருப்பான். இதெல்லாம் எல்லோரும் எழுதுகிற விஷயம் என்பது தெரியும், இருந்தாலும் அந்த வட்டிலப்பத்தை எழுதாமல் விட மனமில்லை.

1996ஐப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதவேண்டும். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வருஷம் ஜனவரி 31, புதன்கிழமை. மத்திய வங்கிக்குக் குண்டு வைத்த நாள். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது லேனின் மேல் முனையில் ஆட்கள் கூடி நின்றார்கள். அம்மா கேற்றுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றார். அப்பாவின் கந்தோர் அந்த வங்கிக்குக் கிட்டத்தான். லேனில் டெலிபோன் இருந்தது இரண்டு மூன்று வீடுகளில். ஆச்சி தன் போனை மேசையோடு இழுத்து விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்து, அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது, ஆச்சிக்குத் தமிழ் வராது. பறங்கி அன்ரி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மாமி அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனார். பின்னேரம் ஆகும் நேரம், காலி வீதி வழியே நடந்து, சட்டை முழுக்கச் சாம்பல் தூசியாக அப்பா லேனில் இறங்கி வந்தார். மேல் முனையிலிருந்து எங்கள் கேற் வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். அவர் வந்துசேர அவ்வளவு நேரம் எடுத்தது. ஆச்சி எழும்பிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவருடைய கையில் கொடுத்துவிட்டு, பிறகுதான் அழுதார்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை கூட ஆகவில்லை, மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி ஆட்டம். லாகூரில் அவுஸ்திரேலியாவோடு. ஆச்சி வீட்டு டீவியை விறாந்தைக் கதவுக்கு நேராகத் திருப்பி வைத்து, பெரியவர்கள் உள்ளே, நாங்கள் படியில், இடம் கிடைக்காத பையன்கள் மதிலில். முரளி பந்து போட வந்தபோதெல்லாம் தம்பி எழும்பி நிற்பான், உட்காரச் சொன்னால் கேட்கமாட்டான். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. வென்றதும் லேன் முழுக்க வெடி. ஆச்சியின் மூத்த பேரன் என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு காலி வீதி வரை ஓடினான், அப்பா பின்னாலேயே ஓடினார். ஜனவரியில் சாம்பலோடு நடந்து வந்த அதே லேனில் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்.

அதே வருஷம்தான் மின்வெட்டும். மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றிப்போய், ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. பெரியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. எங்களுக்கு அது திருவிழா. ஆறரை ஏழுக்கு லைட் போனதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாயும் கதிரையும் வெளியே வரும். ஆச்சியின் அரிக்கன் லாம்பு கேற்றுத் தூணில் ஏறும். வாகனம் வராத லேன், ஆகவே தார் வீதியே எங்கள் முற்றம், பகல் வெயில் இறங்கிய தாரில் காலை வைத்தால் இன்னும் சூடு இருக்கும். பறங்கி அன்ரி இருட்டிலேயே பியானோ வாசிப்பார், கட்டைகள் தெரியத் தேவையில்லை என்பார்.

ஒரு நாள் அப்பா அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, லாம்பு வெளிச்சத்தில் குனிந்து, தார் வீதியில் கோடு போடத் தொடங்கினார். கறுப்பு வீதியில் கறுப்புக் கோடு தெரியவில்லை. மாமி உள்ளே போய் ஒரு பேணியில் கோதுமை மா கொண்டுவந்தார். அந்த மாவால் நீளத்துக்கு ஒரு நடுக்கோடு, குறுக்கே ஐந்து கோடு. கிளித்தட்டு. அப்பா கொக்குவிலில் சின்ன வயதில் விளையாடிய விளையாட்டு. குறுக்குக் கோடுகளில் ஒரு அணி மறித்து நிற்கும், நடுக்கோட்டில் ஓடுகிறவர் கிளி, அவர்களிடம் அடிபடாமல் மற்ற அணி கடந்து போகவேண்டும். முதல் நாள் கிளியாக நின்றது அப்பாதான். மத்திய வங்கி நாளுக்குப் பிறகு இரவில் திடுக்கிட்டு எழும்புகிற மனிதர், அன்று நடுக்கோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு 'ஏய் ஏய்' என்று கத்தியபடி அங்குமிங்கும் ஓடினார். ஆச்சியின் பேரப்பிள்ளைகள், மாமியின் பிள்ளைகள், நாங்கள், எல்லோரும் காலெல்லாம் மா. பத்து மணிக்கு லைட் வந்தபோது முழு லேனும் 'ஆஆ' என்று சலித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் அந்தக் கோடுகளை எறும்பு மொய்த்திருந்தது, வெள்ளைக் கோடு முழுவதும் சிவந்து ஊர்ந்தது. தம்பி பள்ளிக்கூடம் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்று அடி வாங்கினான்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது நான் அதே வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருந்தேன். லிப்ட் இல்லை, காற்றாடி இல்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். நாலாம் மாடிக்காரரின் பெயரை நான் தெரிந்துகொண்டது அந்தக் கிழமையில்தான். மூன்று வருஷம் ஒரே லிப்டில் போய் வந்திருக்கிறோம்.

சரி, கொக்குவிலுக்கு வருகிறேன். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, 1990இல், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவிக் கோச்சி ஓடுவது நின்றுவிட்டது. ஆகவே பள்ளிக்கூட லீவுக்கு 'ஊருக்குப் போவது' எங்களுக்கு இருக்கவில்லை. அப்பா சொல்லிச் சொல்லியே ஊர் இருந்தது. துலாக் கிணறு, புகையிலைத் தோட்டம், சுருட்டுக் கொட்டில், வடலி, மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கை. அவர் சொல்கிறபோது அம்மா இடையில் புகுந்து திருத்துவார், "அது உங்கட வீட்டு மாமரமில்லை, எங்கட வீட்டு மாமரம்." நான் அந்த மாமரத்தைப் படமாக வரைந்து பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன், பார்க்காமலே.

2002இல், போரால் மூடியிருந்த யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை திறந்தது. ஓகஸ்ட் லீவுக்குப் போனோம். ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, செம்மண் தூசியில் குளித்துப் போய்ச் சேர்ந்தபோது படலையடியில் இருபது பேர் நின்றார்கள். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பி, "கொழும்புப் பிள்ளையள் வந்திட்டுதுகள்" என்று எல்லோருக்கும் சொன்னார். அன்று முழுக்க அதுதான் என் பெயர். கொழும்புப் பிள்ளைக்குக் கிணற்றில் அள்ளத் தெரியாது, வாளியைப் பிடித்துக் கொடுங்கோ. கொழும்புப் பிள்ளைக்கு உறைப்புக் குறைச்சுப் போடுங்கோ. பாசத்தில்தான் சொன்னார்கள். பனங்காய்ப் பணியாரம் சுட்டுச் சுட்டு வைத்தார்கள், அப்படி ஒரு ருசி நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஆனால் இரவில் வெளியே படுத்திருந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாம் அசையாமல் இருந்தது. மதில் அதிரவில்லை, கடைசிக் கோச்சி போகவில்லை. அப்பா சொன்ன எல்லாமே அங்கே இருந்தன, கிணறு, வடலி, மாமரம் கூட. ஊரைப் பார்க்க வந்த எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது என்பதை யாரிடம் சொல்ல? பக்கத்தில் படுத்திருந்த தம்பி மெல்லக் கேட்டான்: "அக்கா, இப்ப பாண்காரர் ஆருக்கு முதலை பணிஸ் குடுத்திருப்பார்?"

அப்பா 2011இல் போய்விட்டார். ஆச்சி அதற்கு முன்பே. அந்தப் பெரிய வீடும் எங்கள் அனெக்ஸும் இருந்த இடத்தில் எட்டு மாடி எழும்பிவிட்டது, ஆச்சியின் மகள், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், அதில் இரண்டாம் மாடியில் இருக்கிறார். மாமி இன்னும் அதே வீட்டில். பியானோ எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

2014 அக்டோபரில் கோச்சி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அடுத்த தைப்பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்தேவியில் போனேன். அம்மா கொக்குவில் ஸ்டேஷன் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஒரு கிழமை பெரியம்மா வீட்டில். காலையில் கோயில், பகலில் சொந்தக்காரர், பின்னேரம் அக்காவும் தங்கையும் விறாந்தையில் கால் நீட்டி இருந்து பழைய கதை. பனங்கிழங்குக் காலம், முற்றத்தில் ஒரு பெரிய பானையில் கிழங்கு அவிந்துகொண்டே இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் பெரியம்மா, "இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போவன்" என்றார். அம்மா கிழங்கைப் பத்துப் பத்தாக எண்ணி நாரால் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இல்லை அக்கா, நாளைக்கு ஊருக்குப் போகவேணும். வந்து கனநாள்."

பெரியம்மா "ஓம் ஓம்" என்று சொல்லி, அடுத்த கட்டுக்கு நார் கிழித்துக் கொடுத்தார். கொக்குவிலில், தான் பிறந்த வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு தான் என்ன சொன்னார் என்பதை அம்மா கவனிக்கவேயில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பைகளைப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்று ஆச்சியின் மகளுக்கு, அவருக்கு ஒடியல் வேண்டாம், கிழங்கு மட்டும், பனங்கட்டிக் குட்டான் இரண்டு. ஒன்று மாமிக்கு. ஒன்று கீழ் வீட்டுக்கு. கடைசிக் கட்டை எண்ணி முடித்தபோது மூன்று கிழங்கு மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று கேட்டேன். "பாண்காரருக்கு வை" என்றார் அம்மா.